ஃப்ரீக்வென்சி சரியாகத்தான் இருந்தது: 2012 ஜூலை கிரிட் வீழ்ச்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜூலை 30, திங்கட்கிழமை, அதிகாலை 2:33. மத்தியப் பிரதேசத்தின் பீனாவிலிருந்து குவாலியருக்குப் போகும் 400 கிலோவோல்ட் லைன் ட்ரிப் ஆனது, அதாவது பாதுகாப்புக் கருவி அதைத் தானாக அறுத்துவிட்டது. அடுத்த சில நொடிகளில் தில்லி, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று வடக்கு மண்டலம் முழுக்க இருட்டு. போன லோடு, அதாவது மின்சாரம் இழந்த தேவை, சுமார் 36,000 மெகாவாட். அன்று மாலை 4 மணிக்குள் ஒருவழியாக எல்லாவற்றையும் மீட்டெடுத்தார்கள். மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு அதே லைன் மறுபடியும் ட்ரிப். இந்த முறை வடக்கோடு கிழக்கு மண்டலமும் வடகிழக்கு மண்டலமும் சேர்ந்து விழுந்தன. 48,000 மெகாவாட். முந்நூறு ரயில்கள் வரை நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் லிப்ட் ஓடாமல் பூமிக்கடியில் காத்திருந்தார்கள். பிறகு பத்திரமாக மேலே வந்தார்கள். அதே நாளில் மின்துறை அமைச்சர் சுஷில்குமார் ஷிண்டே உள்துறை அமைச்சராகப் பதவி உயர்வு பெற்றார் என்பது தனிக்கதை.

உலகச் செய்திகளில் '62 கோடிப் பேர் இருட்டில்' என்று வந்தது. அது அந்தப் பகுதியின் மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பின்படி பீகாரில் விளக்குக்கு மின்சாரத்தைப் பயன்படுத்திய வீடுகள் 16.4 சதவீதம்தான். மின் நிலையங்களையும் ஊர்களையும் கோத்த வலையான கிரிட் விழுந்தது தெரியாமலேயே தூங்கி எழுந்தவர்கள் அங்கே கோடிக்கணக்கில் இருந்திருப்பார்கள்.

காரணமாகப் பரவலாகச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: வட மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தன, மின்சாரம் பற்றவில்லை, கிரிட் விழுந்தது. இதில் பாதி உண்மை. அளவுக்கு மேல் இழுத்தது நிஜம். ஆனால் பற்றாக்குறையால் விழுந்தது என்பது கணக்கில் நிற்காது. ஏன் நிற்காது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. ஏ.சி. மின்சாரத்தின் அடிப்படைகளை, கல்லூரியில் ஃபார்முலாவாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் விஷயங்களை, இந்த ஒரு லைனை வைத்தே திரும்பப் படித்துவிடலாம்.

முதலில் ஃப்ரீக்வென்சி

அனல்மின் நிலையத்தின் இரண்டு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்சார அலை நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும். ஒரே ஏ.சி. கிரிட்டில் கோத்த எல்லா ஜெனரேட்டரும் ஒரே ஃப்ரீக்வென்சியில்தான் ஓடியாக வேண்டும். மொத்த உற்பத்தியைவிட மொத்த லோடு கூடினால், பற்றாத சக்தியை இயந்திரங்கள் தங்கள் சுழற்சியிலிருந்து கொடுக்கும், வேகம் குறையும், ஃப்ரீக்வென்சி இறங்கும். அதனால் ஃப்ரீக்வென்சி என்பது மொத்த வரவு செலவுக் கணக்கு. அந்த கிரிட்டில் எங்கே மீட்டர் வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும்.

ஜூலை 30 அதிகாலையில், வீழ்ச்சிக்குச் சற்று முன், அது 49.68 ஹெர்ட்ஸ். அதாவது டர்பைன் நிமிடத்துக்கு 2,981 சுற்று. மறுநாள் 49.84. ஒரு காலத்தில் 48.5 ஹெர்ட்ஸில் மாதக்கணக்கில் ஓடிய கிரிட்டுக்கு இது நல்ல மார்க் என்றே சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருந்தது. விழுந்தது என்னவோ இரண்டாம் நாள்தான் பெரிதாக.

சரி, வோல்டேஜ்? முதல் நாள் ட்ரிப் ஆகும் நேரத்தில் பீனாவில் 374 கிலோவோல்ட். மறுநாள் 362. 400 கிலோவோல்ட் அமைப்பில் இருக்கலாம் என்று கிரிட் விதி அனுமதிக்கும் எல்லை 380 முதல் 420 வரை. ஆக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த எண் நன்றாக இருந்தது. இடத்துக்கு இடம் மாறும் இன்னொரு எண், இந்த லைனில் எல்லைக்கு வெளியே போயிருந்தது.

அந்த லைனுக்கு ஏன் அவ்வளவு சுமை

2006 ஆகஸ்ட் 26 அன்று வடக்கு மண்டலம் ஏற்கெனவே ஒன்றாக ஓடிய மேற்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களோடு இணைந்தது. அன்றிலிருந்து நான்கும் ஒரே ஃப்ரீக்வென்சி. 2012 ஜூலையில் வடக்கே பருவமழை தாமதம், புழுக்கத்துக்கு ஏ.சி.யும் நெல் வயலுக்கு பம்ப்செட்டும் ஓடின. மேற்கே மழை பெய்து தேவை குறைந்திருந்தது. மேற்கு மாநிலங்கள் தங்கள் பங்கை எடுக்கவில்லை, வட மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மேல் எடுத்தன. மின்சாரம் மேற்கிலிருந்து வடக்கே ஓடியது.

ஓடுவதற்கு வழி குறைவு. பீனா–குவாலியர்–ஆக்ரா பாதையில் இணையாக ஓடிய இரண்டு சர்க்யூட்டில் (லைனில்) ஒன்றை 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தும் வேலைக்காக ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். மண்டலங்களுக்கு இடையே வேறு பல லைன்களும் வெவ்வேறு காரணங்களுக்காகத் திறந்திருந்தன. மீதமிருந்த ஒற்றை சர்க்யூட்டில் முதல் நாள் சுமார் 1,450 மெகாவாட்.

மின்சார வரவு செலவைக் கண்காணிக்கும் மண்டல லோடு டெஸ்பாட்ச் மையங்கள் மாநிலங்களிடம் 'குறையுங்கள்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தன. மாநிலங்கள் கேட்கவில்லை. இதை ஒழுங்கீனம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2002-03இல் வந்த கட்டண முறையில், ஒதுக்கீட்டுக்கு மேல் எடுக்கும் மின்சாரத்தின் விலையே ஃப்ரீக்வென்சியோடு கட்டப்பட்டிருந்தது. ஃப்ரீக்வென்சி தாழ்ந்தால் விலை ஏறும். நன்றாக இருந்தால் இறங்கும். நாட்டின் ஃப்ரீக்வென்சியைத் தூக்கி நிறுத்தியது அந்த முறைதான், அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் எந்த லைன் முக்குகிறது என்று அந்த விலைக்குத் தெரியாது. 49.7 என்று மீட்டர் காட்டும்போது எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு மாநில ஆபரேட்டர் நினைத்திருந்தால், அப்படி நினைக்கப் பத்து வருடமாகப் பழக்கியது அந்த விலைப் பட்டியல்.

மூன்று ஃபேஸ் கணக்கு

வீட்டு பிளக்கில் 230 வோல்ட் என்கிறோம். அது ஆர்.எம்.எஸ். மதிப்பு, ஏறி இறங்கும் அலைக்கு ஒருவகைச் சராசரி, அலையின் உச்சி 325 வோல்ட் வரை போய்வரும். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஏதாவது ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருப்பது இந்த 230. ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவே அளந்தால் 460 வராது, 400தான் வரும். மூன்று அலைகளும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி நிற்பதால், ஒன்றிலிருந்து மற்றதை வெக்டராகக் கழித்தால் ரூட் 3 மடங்கு, அதாவது 1.732 மடங்கு கிடைக்கிறது. 400 கிலோவோல்ட் லைனிலும் இதே கணக்கு: ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் 400, கம்பிக்கும் பூமிக்கும் 231.

மூன்று ஃபேஸின் அழகு பவரில் இருக்கிறது. ஒற்றை ஃபேஸில் பவர் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். மூன்றையும் கூட்டினால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று தின்றுவிட்டு, நேர்கோடாக நிற்கும். ஜெனரேட்டர் ஷாப்ட் உதறாமல் சுற்றுவது இதனால்தான். லோடு மூன்று ஃபேஸிலும் சமமாக இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு: ஒரே ஒரு ஃபேஸை மட்டும் படம் போட்டுக் கணக்குப் பார்த்து, பவரை மட்டும் கடைசியில் மூன்றால் பெருக்கினால் போதும். வீட்டுத் தெருவில் இந்தச் சமநிலை சும்மா பேச்சுக்குத்தான். 400 கிலோவோல்ட் லைனில் ஏறக்குறைய நிஜம்.

பவர் = ரூட் 3 × லைன் வோல்டேஜ் × கரண்ட் × பவர் ஃபேக்டர். பவர் ஃபேக்டர் என்பது வோல்டேஜும் கரண்டும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு, அதை இப்போதைக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். 1,450 மெகாவாட்டை 1.732ஆலும் 374 கிலோவோல்ட்டாலும் வகுத்தால் ஒரு கம்பியில் ஓடிய கரண்ட் சுமார் 2,240 ஆம்பியர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லாம் இதிலிருந்துதான்.

ரிலேவின் கண்ணுக்குத் தெரிந்தது

லைனைக் காவல் காக்கும் டிஸ்டன்ஸ் ரிலேவுக்கு மெகாவாட் என்றால் என்னவென்று தெரியாது. கரண்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கரண்ட் வருகிறது, வோல்டேஜ் டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு வோல்டேஜ் வருகிறது. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு எதிரான மொத்தத் தடை, ஓமில். லைனில் எங்கோ ஷார்ட் ஆனால் வோல்டேஜ் விழும், கரண்ட் எகிறும், விடை சின்னதாகிவிடும். எவ்வளவு சின்னது என்பதை வைத்து அந்த ஃபால்ட் (பழுது) எத்தனை கிலோமீட்டரில் என்றுகூடச் சொல்லிவிடும். அபாரமான கருவி.

அதற்கு மூன்று எல்லைகள் போடுவது வழக்கம். ஜோன் 1 லைனின் 80 சதவீதம் வரை பார்க்கும், உடனே ட்ரிப் கொடுக்கும். ஜோன் 2 லைன் முடிந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும், மூன்றில் ஒரு பங்கு நொடி போலப் பொறுக்கும். ஜோன் 3 அடுத்த லைனின் கடைசி வரைக்கும், சில இடங்களில் அதற்கும் அப்பால், பார்க்கும். ஒரு நொடி போலக் காத்திருந்து, அதற்குள் உரியவர் யாரும் ஃபால்ட்டை அறுக்கவில்லை என்றால் தானே அறுக்கும். அடுத்த வீட்டில் தீப்பிடித்து அவர்கள் எழவில்லை என்றால் நாம் தண்ணீரோடு ஓடுவது மாதிரி. நல்ல எண்ணம்தான். சிக்கல் என்னவென்றால், அவ்வளவு தூரம் பார்க்க வேண்டுமானால் எல்லையை அகலமாகப் போட வேண்டும். அகலமாகப் போட்டால் ஃபால்ட் அல்லாததும் உள்ளே வரும்.

எண்ணிலேயே பார்ப்போம். இந்த லைனின் இயல்பான சுமை 700 மெகாவாட்டுக்குச் சற்றுக் கீழே. கணக்குக்கு 700 என்றே வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் முழு 400. அப்போது கரண்ட் சுமார் 1,010 ஆம்பியர். கம்பிக்கும் பூமிக்குமான 231 கிலோவோல்ட்டை இதால் வகுத்தால் ஏறக்குறைய 229 ஓம். ரிலேவின் எல்லைக்கு வெகு தூரத்தில். இப்போது ஜூலை 30: கம்பிக்கும் பூமிக்கும் 216 கிலோவோல்ட், கரண்ட் 2,240 ஆம்பியர். விடை சுமார் 96 ஓம்.

சுருக்க வழியும் உண்டு: இம்பீடன்ஸ் = லைன் வோல்டேஜின் வர்க்கம் ÷ பவர். வோல்டேஜுக்கு வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். அதே 1,450 மெகாவாட், வோல்டேஜ் மட்டும் 400ஆக இருந்திருந்தால் 110 ஓம் வந்திருக்கும். வோல்டேஜ் ஆறரை சதவீதம் சரிந்ததில் ரிலே காணும் இம்பீடன்ஸ் பன்னிரண்டரை சதவீதம் சரிந்துவிட்டது.

மறுநாள் லோடு முதல் நாளைவிடக் குறைவு, சுமார் 1,254 மெகாவாட். ஆனால் வோல்டேஜ் 362. விடை 105 ஓம் பக்கம். இந்தக் கணக்கில் பவர் ஃபேக்டரை 1 என்று வைத்திருக்கிறோம். ரியாக்டிவ் பவரும் (இது என்னவென்று அடுத்த பகுதியில் வரும்) சேர்ந்து ஓடினால் ரிலே காணும் எண் இன்னும் சுருங்கும், கோணமும் திரும்பும். சுமார் இருநூறு மெகாவாட் குறைந்தும் லைன் தப்பவில்லை என்பதை மெகாவாட்டை மட்டும் பார்த்தால் புரிந்துகொள்ள முடியாது.

ஃபால்ட் என்றால் இம்பீடன்ஸின் கோணம், அதாவது வோல்டேஜுக்குக் கரண்ட் பின்தங்கும் அளவு, 80 டிகிரி அருகே இருக்கும், ஏனென்றால் ரிலே பார்ப்பது கம்பியை, கம்பியில் ரெசிஸ்டன்ஸ் (வெறும் தடை) குறைவு, ரியாக்டன்ஸ் (காயில் போல எதிர்க்கும் தடை) அதிகம். லோடு என்றால் கோணம் சில டிகிரியிலிருந்து 30 வரை. ஆக, ரிலேவால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். அதற்கென்று லோடு வரும் பக்கத்தை மட்டும் வெட்டிவிடும் வசதி நவீன ரிலேக்களில் உண்டு. அது சரியாகப் போடப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. மத்திய மின்சார ஆணையத் தலைவர் தலைமையிலான விசாரணைக் குழு ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. அதன்படி, இரண்டு நாளும் லைனில் ஃபால்ட் எதுவும் இல்லை. ஜோன் 3 எல்லைக்குள் லோடு நுழைந்துவிட்டது. ரிலே பழுதில்லை, சொல்லிக் கொடுத்தபடி வேலை செய்தது.

வோல்டேஜ் ஏன் சரிந்தது

இதற்கு ரியாக்டிவ் பவர். புத்தகங்களில் இதை 'வேலை செய்யாத பவர்' என்று எழுதிவிடுகிறார்கள். வேலை செய்யாதுதான், ஆனால் இது இல்லாமல் வேலையும் நடக்காது. நீளமான லைனுக்கு இரட்டைக் குணம். கம்பிக்கும் பூமிக்கும் நடுவே அது ஒரு கெபாசிட்டர். வோல்டேஜ் இருந்தாலே போதும், ரியாக்டிவ் பவரைத் தானே உண்டாக்கும். கம்பியின் நீளவாக்கில் அது ஒரு காயில். கரண்ட் ஓடினால் ரியாக்டிவ் பவரைத் தின்னும், அதுவும் கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப. இரண்டும் சமமாகும் சுமையைத்தான் இயல்பான சுமை என்று மேலே சொன்னேன். அதற்குக் கீழே ஓடினால் லைன் கொடுக்கும், வோல்டேஜ் தூக்கும். மேலே ஓடினால் லைன் கேட்கும், வோல்டேஜ் அமுங்கும்.

பீனா–குவாலியர் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட லைன். கிலோமீட்டருக்குக் கால் ஓம் என்று வைத்தால் ரியாக்டன்ஸ் 50 ஓமுக்குக் குறையாது. மூன்று ஃபேஸுக்குமாக 3 × 2,240² × 50: சுமார் 750 மெகாவார் (ரியாக்டிவ் பவரின் அலகு). தானே உண்டாக்குவதைக் கழித்தாலும் 600 மெகாவாருக்கு மேல் வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். இது தோராயக் கணக்குதான், ஆனால் அளவு புரியும்: 1,450 மெகாவாட்டைக் கடத்துவதற்காக லைன் மட்டுமே இவ்வளவைத் தின்கிறது. ரியாக்டிவ் பவரை ஆக்டிவ் பவர் மாதிரித் தொலைவிலிருந்து கொண்டுவர முடியாது. கொண்டுவரும் வழியிலேயே அது தீர்ந்துபோகும். பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே சமயத்தில் கிரிட்டில் வேறு சில 400 கிலோவோல்ட் லைன்களை, வோல்டேஜ் அதிகமாக இருக்கிறது என்பதற்காகத் திறந்து வைத்திருந்தார்கள். இரவில் லோடு குறைந்த இடங்களில் லைன் கெபாசிட்டராக நின்று வோல்டேஜைத் தூக்கும். கூடுதல் ரியாக்டிவ் பவரைத் தின்னும் காயிலான ரியாக்டர் போதாத இடத்தில் லைனையே திறந்துவிடுவது நடைமுறை வழி. அந்த இடத்துக்கு அது சரி. மொத்தக் கிரிட்டுக்கு, ஏற்கெனவே மெலிந்திருந்த வலை இன்னும் மெலிந்தது. நானாக இருந்தால் வீழ்ச்சிக்கான காரணப் பட்டியலில் மாநிலங்களின் ஒழுங்கீனத்துக்கு மேலே இதை எழுதியிருப்பேன். அறிக்கையும் பல லைன்கள் ஒரே நேரத்தில் திறந்திருந்ததால் மண்டலங்களுக்கு இடையிலான பிணைப்பு பலவீனமாக இருந்ததைத்தான் முதல் காரணமாக வைத்தது.

ஒரு லைன் போய் எப்படி மூன்று மண்டலம்

இரண்டு பக்கமும் ஜெனரேட்டர்கள், நடுவே ரியாக்டன்ஸ். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எவ்வளவு பவர் போகும்? இரு முனை வோல்டேஜ்களின் பெருக்கத்தை ரியாக்டன்ஸால் வகுத்து, இரு முனை அலைகளும் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். கொடுக்கும் பக்கம் கோணத்தில் முந்தி நிற்கும். பவர் கூடக் கூட கோணம் விரியும். 90 டிகிரிக்கு மேல் விரித்தால் பவர் கூடாது, குறைய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

பீனா–குவாலியர் போனதும் மேற்குக்கும் வடக்குக்கும் இருந்த நேரடியான ஏ.சி. வழி அறுந்தது. அந்த பவர் முழுக்க மேற்கிலிருந்து கிழக்குக்குப் போய், பீகார் வழியாக வடக்கே ஏற வேண்டியதாயிற்று. சுற்றுவழி, ரியாக்டன்ஸ் பல மடங்கு. பவர் அதேதான், ஆகவே கோணம் விரிந்தது. வடக்கு ஜெனரேட்டர்கள் பின்தங்க, மேற்கு ஜெனரேட்டர்கள் முந்த, பிடி நழுவியது.

பிடி நழுவும்போது நடுவழியில் என்ன ஆகிறது என்பதுதான் இந்த நிகழ்வின் மிக சுவாரசியமான இடம். இரு முனையும் சம வோல்டேஜ் என்றால், மின்சாரக் கணக்குப்படி நடுப்புள்ளியில் வோல்டேஜ், முனை வோல்டேஜைப் பாதிக் கோணத்தின் கொசைனால் பெருக்கியது. கோணம் 60 டிகிரியில் நடுவே 87 சதவீதம் இருக்கும். 120 டிகிரியில் 50 சதவீதம். 180 டிகிரியில் பூஜ்யம். இரு முனையிலும் முழு வோல்டேஜ், நடுவே ஒன்றுமில்லை, கரண்டோ உச்சத்தில். அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் டிஸ்டன்ஸ் ரிலேவுக்கு இது மூன்று ஃபேஸும் சேர்ந்த அசல் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து வேறாகத் தெரியாது. அறுத்துவிடும். எனவே கிரிட் எங்கே கிழியும் என்பதை மாநில எல்லையோ மண்டல எல்லையோ தீர்மானிப்பதில்லை. அந்தப் பூஜ்யப் புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே கிழியும்.

முதல் நாள் அது வடக்குக்கும் கிழக்குக்கும் இடையே விழுந்தது. கோரக்பூர்–முசாபர்பூர் முதலான லைன்கள் வரிசையாகப் போயின. வடக்கு தனியாக அறுந்து, ஐயாயிரத்துச் சொச்சம் மெகாவாட் வரவு போய், விழுந்தது. கிழக்கும் மேற்கும் பிழைத்தன. இரண்டாம் நாள் அது கிழக்கு மண்டலத்துக்குள்ளே, மேற்கு எல்லைப் பக்கமாக விழுந்தது. ஜாம்ஷெட்பூர்–ரூர்கேலா லைன்கள் போயின. கிழக்கின் பெரும்பகுதி வடக்கோடு கட்டுண்டு நின்றது. கிழக்கு மண்டலம் அன்று தன் தேவைக்கு ஏறக்குறையச் சரியாக உற்பத்தி செய்துகொண்டிருந்தது. யாரிடமும் கடன் வாங்கவில்லை. வடக்கின் பற்றாக்குறை மொத்தமும் அதன் தலையில் விழ, அதுவும் வடகிழக்கும் சேர்ந்து மூழ்கின. அந்தப் பக்கம் மேற்கு மண்டலத்தில் எடுத்துக்கொள்ள ஆளில்லாத மின்சாரம். ஃப்ரீக்வென்சி 51.4 ஹெர்ட்ஸைத் தாண்டியது. நிமிடத்துக்கு 3,080 சுற்றுக்கு மேல். சில யூனிட்டுகள் கழன்ற பிறகு அது தப்பித்தது.

இந்தக் கட்டத்திலும் வடக்கைக் காப்பாற்றியிருக்கலாம். ஃப்ரீக்வென்சி விழும்போது தானாக லோடைக் கழற்றிவிடும் ரிலேக்கள் காகிதத்தில் இருந்தன: ஃப்ரீக்வென்சி மதிப்பைப் பார்த்துச் சுமார் 4,000 மெகாவாட், அது இறங்கும் வேகத்தைப் பார்த்து இன்னொரு 6,000 மெகாவாட் போல. இழந்த வரவைவிட அதிகம். எதிர்பார்த்த அளவுக்குக் கழற்றவில்லை. ஜெனரேட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர்களும் ஃப்ரீக்வென்சி மாற்றத்துக்கேற்பத் தானாக இயங்கும்படி பெரும்பாலும் விடப்படவில்லை. இதில் விளக்க வேண்டிய தத்துவம் ஒன்றுமில்லை. பராமரிப்பு, சோதனை, தண்டனை மூன்றும் இல்லாததுதான்.

தெற்கு ஏன் விழவில்லை

தமிழ்நாட்டில் அந்த வருடம் மின்வெட்டு அன்றாடச் சங்கதி. சென்னைக்கு வெளியே நாளின் பாதியைக் கரண்ட் இல்லாமல் கழித்த ஊர்கள் உண்டு. அதனால் தில்லி இருட்டை நாம் சற்று அலட்சியமாகத்தான் பார்த்தோம். ஆனால் பற்றாக்குறை மிகுந்த தெற்கு மண்டலம் நின்றது, மற்றவை விழுந்தன. பற்றாக்குறையும் கிரிட் வீழ்ச்சியும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

2012இல் தெற்கு மண்டலம் மற்ற நான்கோடும் ஏ.சி.யால் இணைந்திருக்கவில்லை. ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் 500 கிலோவோல்ட் நேர்மின்சார லைன், ஆந்திரத்தின் காஜுவாகாவிலும் மகாராஷ்டிரத்தின் பத்ராவதியிலும் ஏ.சி.யை டி.சி.யாக்கி உடனே மறுபடி ஏ.சி.யாக்கும் நிலையங்கள், இவைதான் பெரிய பாலங்கள். டி.சி.யில் கோணம் கிடையாது, ஃப்ரீக்வென்சி கிடையாது. எத்தனை மெகாவாட் என்று கன்வெர்ட்டருக்குச் சொல்கிறோமோ அத்தனைதான் போகும். மேற்கும் வடக்கும் ஒன்றையொன்று பிடித்து இழுத்து ஆடிய ஆட்டம் அந்தப் பாலத்தைத் தாண்டி வர வழியே இல்லை.

முழுக்கத் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. ஜூலை 31 அன்று கிழக்கு மண்டலம் விழுந்தபோது தால்சேர்–கோலார் வழியாக வந்துகொண்டிருந்த 2,000 மெகாவாட் அளவு பவர் போய்விட்டது. தெற்கின் ஃப்ரீக்வென்சி 49 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கியது. அப்போது இங்கே லோடு கழற்றும் ரிலேக்கள் இயங்கின. ஊர்களுக்குப் போகும் சில ஃபீடர் லைன்கள் இருண்டன, மண்டலம் நின்றது. வடக்கில் காகிதத்தில் இருந்தது தெற்கில் பேனலில் இருந்தது. மின்வெட்டிலேயே வாழ்ந்த மண்டலம் என்பதால் அந்த ரிலேக்களுக்குப் பழக்கம் அதிகமோ என்னவோ.

இதே வியாதி, முன்பே இருமுறை

லோடை ஃபால்ட் என்று ரிலே நினைத்து நாட்டை இருட்டாக்குவது பீனாவில் முதல்முறை நடந்ததல்ல. 1965 நவம்பர் 9 அன்று கனடாவின் ஒன்டாரியோவில், சர் ஆடம் பெக் மின்நிலையத்திலிருந்து புறப்படும் 230 கிலோவோல்ட் லைன் ஒன்றில் பேக்கப் ரிலேவின் செட்டிங், லைனின் உண்மையான லோடைவிடத் தாழ்ந்திருந்தது. அது போனது, மற்ற லைன்களும் அடுத்தடுத்துப் போயின, நியூயார்க் வரை மூன்று கோடிப் பேருக்குக் கரண்ட் போனது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஓஹாயோவில் சாமிஸ்–ஸ்டார் என்ற 345 கிலோவோல்ட் லைன். ஃபால்ட் இல்லை, கரண்ட் அதிகம், வோல்டேஜ் குறைவு, ஜோன் 3 ட்ரிப். ஐந்து கோடிப் பேர்.

அதன்பிறகு அமெரிக்காவில் ஒரு விதி வந்தது: வோல்டேஜ் 85 சதவீதத்துக்குச் சரிந்து, லைன் தன் அவசரகால வரம்பைப் போல ஒன்றரை மடங்கு சுமந்து, கோணம் 30 டிகிரியில் இருந்தாலும் ரிலே ட்ரிப் கொடுக்கக் கூடாது. பீனாவில் வோல்டேஜ் முதல் நாள் 93.5 சதவீதம், மறுநாள் 90.5. அந்த விதிப்படி பார்த்தால் இன்னும் நிறைய இடம் மிச்சமிருந்தது. 2003 வீழ்ச்சி பற்றிய விசாரணை அறிக்கை உலகமே படித்தது. நம் லைன்களில் அந்தக் கண்ணோட்டத்தோடு செட்டிங்கைச் சரிபார்த்திருந்தால் பாதுகாப்பு என்ற பெயரில் இருந்த ஓட்டை முன்பே அடைபட்டிருக்கும்.

2012க்குப் பிறகு ஜோன் 3 செட்டிங்குகளை மறுபரிசீலனை செய்தார்கள், பாதுகாப்புத் தணிக்கை நடந்தது. ஃப்ரீக்வென்சியோடு விளையாடும் பழைய விலை முறை 2014 பிப்ரவரியில் மாற்றப்பட்டது. அனுமதிக்கும் ஃப்ரீக்வென்சி எல்லையும் 49.90 முதல் 50.05 என்று நெருக்கப்பட்டது. நாடு முழுக்கத் துணைமின் நிலையங்களில் வோல்டேஜின் கோணத்தையே ஜி.பி.எஸ். நேரத்தோடு நொடிக்குப் பலமுறை அளந்து அனுப்பும் கருவிகளைப் பரவலாகப் பொருத்தத் தொடங்கினார்கள். கோணம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது இப்போது கன்ட்ரோல் ரூம் திரையில் தெரிகிறது. எனக்குக் கேட்டால், நடந்த மாற்றங்களில் இதுதான் முதன்மை.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கு மண்டலமும் ஏ.சி.யால் இணைந்தது. தால்சேர்–கோலார் டி.சி. இன்னும் ஓடுகிறது, ஆனால் அது இப்போது அரண் அல்ல, இன்னொரு வழி மட்டுமே. சென்னையிலும் ஸ்ரீநகரிலும் ஒரே ஃப்ரீக்வென்சி. தெற்கின் பற்றாக்குறைக்கு வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மின்சாரம் வர முடிந்தது அதனால்தான். காற்றாலை சீசனில் நம்முடையது அங்கே போவதும் அதனால்தான். பதிலுக்கு, எங்கோ ஒரு லைன் போய்க் கோணம் விரியத் தொடங்கினால் அந்தக் கணக்கில் இனி ராய்ச்சூர்–சோலாப்பூரும் உண்டு. அந்த லைனின் ஜோன் 3 எத்தனை ஓமில் நிற்கிறது என்பது தமிழ்நாட்டுக்கும் சம்பந்தமுள்ள கேள்வி.